கரகரக்கும் அம்பாசிடரும் வேல்சாமியின் ஷெட்டும்

ஒரே வருஷத்தில் மூன்று பெண்டிக்ஸ் மாற்றிய கார் திருவனந்தபுரத்திலேயே ஒன்றுதான் இருக்கும். அது வேல்சாமியின் தலையில் வந்து விழுந்திருந்தது. பெண்டிக்ஸ் என்பது செல்ஃப் மோட்டாரின் முனையில் இருக்கிற சின்னப் பல்சக்கரம். சாவியைத் திருகினால் அது முன்னால் பாய்ந்து, என்ஜினின் பெரிய சக்கரத்தைப் பல்லோடு பல் பிடித்துச் சுற்றிவிடும். என்ஜின் ஓட ஆரம்பித்ததும் தன் வேலை முடிந்தது என்று பின்னால் வந்துவிடும். நல்ல சாமானாகப் போட்டால் பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். வேல்சாமி நல்ல சாமான்தான் போட்டிருந்தான். ஆனாலும் பஞ்சாபகேசன் சாமியின் அம்பாசிடர் மறுபடி கரகரவென்று வலியசாலை அக்ரஹாரம் முழுக்கக் கேட்கக் கத்தத் தொடங்கியிருந்தது.

கார் 1970-ஆம் வருஷத்து மார்க் டூ. கே.எல்.டி. நம்பர். பஞ்சாபகேசனின் அப்பா வாங்கியது. பஞ்சாபகேசனுக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. ஏஜீஸ் ஆபீஸில் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தெரு பஜனை சமிதிக்குச் செயலாளர். யார் பாடினாலும் சுருதி எங்கே விலகியது என்று சொல்வது அவர் வேலை. முன்வரிசையில் உட்கார்ந்து அவர் தலையை ஆட்டினால் பாடுகிறவருக்கு உயிர் வரும். ஆட்டாவிட்டால் குரல் நடுங்கும். தினமும் காலை ஆறரைக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவார். நடந்தே போகிற தூரம்தான். ஆனால் நடந்து போனால் அவர் எப்படிப் பஞ்சாபகேசன் ஆவார்?

வேல்சாமிக்கும் அந்தக் காருக்கும் உள்ள உறவு விசித்திரமானது. பஞ்சாபகேசனின் வீட்டுக்குப் பின்னால், பின்பக்கச் சந்துப் பக்கம் பார்த்தபடி ஒரு துண்டு மனை உண்டு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் வேல்சாமியைக் கூப்பிட்டு, “இந்தக் கார் ஓடற வரைக்கும் நீ இங்கே ஷெட் போட்டுக்கோ. காரைப் பாத்துண்டாப் போரும்” என்றார். வாடகை கிடையாது, காகிதம் கிடையாது. வேல்சாமி தகரக் கூரை போட்டான். காருக்கு அடியில் நின்று வேலை செய்ய, தானே குழி தோண்டி, தானே சிமெண்ட் பூசினான். பழைய கார் வைத்திருக்கிறவர்கள் கரமனையிலிருந்தும் பேட்டையிலிருந்தும் அந்தச் சந்துக்குத் தேடி வந்தார்கள். ஊரில் மற்ற மெக்கானிக்குகள் எல்லாம் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்கிற காலத்தில், வேல்சாமி பானெட்டில் கை வைத்து, ‘மூணாவது பிளக் தூங்குது’ என்று சொல்வான். அந்த ஷெட்டும் அந்தக் குழியும்தான் அவன் சம்பாதித்த சொத்து. அதுவும் அவன் பேரில் இல்லை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் பஸ் ஏறியவன் அவன். ஊரை நினைத்து ஏங்குகிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. அங்கே அவனுக்கு இருந்தது ஒரு தீப்பெட்டி ஆபீசும் குடிகார அப்பனும்தான். தம்பானூரில் ஹோட்டலில் தட்டுக் கழுவினான். அங்கிருந்து கரமனையில் ஒரு பேட்டரிக் கடைக்குப் போய், ஆசிட் தெறித்து முழங்கையெல்லாம் வெள்ளைத் தழும்பாக வேலை கற்றுக்கொண்டான். கல்யாணம், இரண்டு பெண்களின் படிப்பு, அவர்கள் கல்யாணம் எல்லாம் இந்த ஊரில்தான். முப்பத்தேழு வருஷத்துக்குப் பிறகும் மலையாளத்துக்காரர்கள் அவனை இளக்காரமாகப் பாண்டி என்கிறார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பஞ்சாபகேசனும் அதையேதான் சொல்வார். அவருடைய கொள்ளுத் தாத்தாவுக்குத் தாத்தா வந்ததும் அதே திருநெல்வேலிச் சீமையிலிருந்துதான். இருநூறு வருஷம் முந்தி வந்தால் திருவிதாங்கூர்க்காரர், பின்னால் வந்தால் பாண்டி. இந்தக் கணக்கை யார் போட்டார்களோ, அவர்களைப் பிடித்துக் கேட்க வேண்டும்.

மூன்றாவது பெண்டிக்ஸும் போன அன்று பஞ்சாபகேசன் ஷெட்டுக்கு வந்தார். வேல்சாமி குழிக்குள் நின்று வேறொரு வேலையில் இருந்தான்.

“மேலே வாடா. மூஞ்சியைப் பாத்துப் பேசு” என்றார். ஐம்பத்து நாலு வயது ஆளை ‘டா’ போட்டுக் கூப்பிடுவதில் அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது. “எதிராத்துல பறையறா, தெருக்கோடி வரைக்கும் கேக்கறதாம். கோவில்ல நாலு பேர் கேக்கறா, காருக்கு என்ன ஆச்சுன்னு. நீ போட்டதெல்லாம் டூப்ளிகேட் சாமானாக்கும்.”

“இல்ல சாமி. கம்பெனி சாமான். அட்டைப் பெட்டி கூட வச்சிருக்கேன், காட்டுதேன்.”

“பெட்டியைக் காட்டி என்னை வெறுதே ஏமாத்தாதே, கேட்டியா? நான் முப்பத்தஞ்சு வருஷம் ஆடிட் பண்ணினவன். திருவாதிரைக்குப் பையன் வெங்கிடேஷ் பெங்களூர்லேந்து வரான். அவன் வரதுக்குள்ளே காரு சத்தமில்லாம ஸ்டார்ட் ஆகணும். ஆகலேன்னா இடத்தை ஒழிச்சுக் குடுத்துடு. ஒரு காரைப் பாத்துக்கத் தெரியாதவனுக்கு ஷெட்டு எதுக்கு? இந்தப் பாண்டிக்காராளை நம்பினா இப்படித்தான்.”

வேல்சாமி நாளை எண்ணிப் பார்த்தான். திருவாதிரைக்கு மூன்று வாரம்கூட இல்லை. இந்த வயதில் ஷெட்டை விட்டுவிட்டு எங்கே போய் நிற்பது? ரோட்டோரம் ஒரு சாய்ப்புப் பிடிக்கக்கூட அவனால் முடியாது. குழியைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது.

அன்றைக்கே காரை உள்ளே தள்ளி வேலையை ஆரம்பித்தான். செல்ஃப் கரகரத்தால் எல்லோரும் செல்ஃபைத்தான் முதலில் திட்டுவார்கள். வேல்சாமி அப்படிச் செய்கிறவன் இல்லை. முதலில் பேட்டரியைப் பார்த்தான். பலமில்லாத பேட்டரி என்றால் பெண்டிக்ஸ் பாதி தூரம் பாய்ந்து பல்லில் சரியாக உட்காராமல் உரசும். பேட்டரி திடமாக இருந்தது. எர்த் ஒயரைச் சுரண்டிப் பார்த்தான், அதுவும் சுத்தம். மோட்டாரைப் பிடித்திருக்கிற இரண்டு போல்ட்டில் ஒன்று தளர்ந்தாலும் மோட்டார் கோணிக்கொள்ளும். இரண்டும் அவன் முறுக்கி வைத்தபடியே இருந்தன. பிறகுதான் மோட்டாரைக் கழற்றினான். பெண்டிக்ஸின் பற்கள் நாய் கடித்த செருப்பாகக் கிடந்தன. நாலு மாதம் முன்னால் புதுசாகப் போட்டது.

மோட்டார் இருந்த ஓட்டை வழியாக டார்ச்சை அடித்து உள்ளே ரிங் கியரைப் பார்த்தான். ஃப்ளைவீல் என்கிற அந்தப் பெரிய சக்கரத்தைச் சுற்றிப் பல் வைத்த வளையம் அது. கிராங்க் கம்பியை முன்னால் செருகி, கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, பல் பல்லாகப் பார்த்துக்கொண்டே வந்தான். அரை மணி நேரம் ஆனது. ஒரு முழுச் சுற்று வந்ததும் கம்பியைக் கீழே போட்டுவிட்டு ஒரு பீடி பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

விஷயம் இதுதான். நாலு சிலிண்டர் என்ஜின் நிற்கும்போது எப்போதும் ஏறக்குறைய ஒரே இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும். அதனால் பெண்டிக்ஸ் வந்து கடிக்கிற இடமும் எப்போதும் அந்த இரண்டுதான். வயசான காரில் ரிங் கியர் எதிரெதிராக அந்த இரண்டு இடத்தில் தேய்ந்திருக்கும், மற்ற இடமெல்லாம் புதுசாக இருக்கும். இங்கே அப்படி இல்லை. ஒரு பல் பாக்கியில்லாமல் வட்டம் முழுக்கச் சிதைந்திருந்தது. எல்லாப் பல்லிலும் ஒரே பக்கம்தான் அடி. நின்றிருந்த சக்கரத்தில் அப்படி அடி விழாது. சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தின் மேல் பெண்டிக்ஸ் போய் மோதியிருக்கிறது. அதாவது, ஓடிக்கொண்டிருக்கிற என்ஜினுக்கு யாரோ செல்ஃப் அடித்திருக்கிறார்கள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, நூறு தடவை.

யார்? அந்தக் காரின் சாவியை வேறு யாரும் தொட்டது கிடையாது. மகன் வெங்கிடேஷ் வந்தால்கூட வாடகைக் கார்தான் பிடிப்பான். பஞ்சாபகேசன் ஐம்பது வருஷமாகக் கார் ஓட்டுகிறவர். அவராவது, ஓடுகிற வண்டியில் சாவியைத் திருகுவதாவது!

வேல்சாமி பெண்டிக்ஸை அரத்தால் ராவி, ஒரு வாரம் தாங்குகிற மாதிரி மறுபடி மாட்டி வைத்தான். மறுநாள் காலை ஆறு மணிக்கே வந்து, ஷெட்டின் தகரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

ஆறரைக்குப் பஞ்சாபகேசன் விபூதியும் ஜரிகை வேஷ்டியுமாக வந்து காரில் ஏறினார். சாவியைத் திருகினார். ஒரே திருகில் என்ஜின் பிடித்துக்கொண்டது. நடுக்கம் இல்லை, உறுமல் இல்லை. அப்படி ஓட வேண்டும் என்று ட்யூன் செய்து வைத்தது வேல்சாமியே. அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு. பஞ்சாபகேசன் கையைச் சாவியிலிருந்து எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார். மறுபடி திருகினார். கர்ர்ர்ரென்று ஒரு சத்தம். முருங்கை மரத்திலிருந்து காக்கைகள் எழும்பிப் போயின. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று படாரென்று சாத்தப்பட்டது. பஞ்சாபகேசனின் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. மூன்றாவது தடவையும் திருகினார். அப்புறம் கண்ணாடியில் பின்னால் வருகிற புகையைப் பார்த்துவிட்டு, திருப்தியாகக் கியர் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவர் திரும்பி வந்து காரைப் பூட்டிக்கொண்டிருந்தபோது வேல்சாமி பின்னால் போய் நின்று, “சாமி” என்றான். பதில் இல்லை. “சாமி!” பதில் இல்லை. கையிலிருந்த பெரிய ஸ்பேனரைச் சிமெண்ட் தரையில் போட்டான். அது எழுப்பிய சத்தத்தில் அவனுடைய காதே அடைத்தது. பஞ்சாபகேசன் நிதானமாகக் கதவைப் பூட்டி, பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்பினார். “நீ எப்போ வந்தே?” என்றார்.

வேல்சாமிக்கு முதலில் சிரிப்பு வந்தது. மூன்று பெண்டிக்ஸ் மாற்றிய தன் முட்டாள்தனத்தை நினைத்துச் சிரித்தான். இத்தனை நாளில் அந்த மனிதர் ஒரு தடவையாவது ‘எனக்குச் சத்தம் கேட்டது’ என்று சொல்லியிருக்கிறாரா? எதிராத்தில் சொல்கிறார்கள், கோவிலில் சொல்கிறார்கள், தெருவில் சொல்கிறார்கள்! மூஞ்சியைப் பார்த்துப் பேசு என்பதும் அதிகாரம் இல்லை, உதட்டைப் படிக்கிறார். போன சனிக்கிழமை பஜனையில் ஒரு பெண்ணைப் பாதியில் நிறுத்தி, சுருதி சேரவில்லை என்று சொன்னாரே, அந்தப் பெண்ணும் கண் கலங்கித் தலைகுனிந்தாளே, அதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அன்றைக்குத் தாளம் போட்டது மிருதங்கக்காரர் கையைப் பார்த்துத்தான்.

அப்புறம் பயம் வந்தது. கார் ஓடற வரைக்கும் ஷெட் என்பது பேச்சு. காது கேட்கவில்லை என்று தெரிந்தால் அவரைக் காரோட்ட விடமாட்டார்கள். கார் நின்றால் ஷெட்டும் போச்சு. சொல்லாமல் இருந்தாலோ, டூப்ளிகேட் சாமான் போட்ட திருடன் என்று பேர் வாங்கிக்கொண்டு திருவாதிரைக்கு வெளியே போக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் வெட்டு விழுவது தன் கழுத்தில்தான் என்று அவனுக்குத் தெரிந்தது.

மத்தியானம் சாப்பிடப் போனபோது மனைவி செண்பகவல்லியிடம் சொன்னான். அவள் பழவங்காடியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அன்றைக்கு லீவு.

“அய்யோ, நான் தெனமும் அந்த ரோட்டத் தாண்டித்தான போறேன்!” என்றாள் அவள். “ஹாரன் அடிச்சாக்கூட கேக்காத ஆளு கார் ஓட்டுதாரு. நாளைக்கு யார் மேலயாச்சும் ஏத்திட்டா? போயி மாமிகிட்டச் சொல்லிருங்க. ஷெட்டு போனாப் போவுது.”

“ஷெட்டு போனா சோறு?”

“நீங்க சொல்லாம இருந்து ஒரு உசுரு போனா, அப்பறம் சோறு எறங்குமா?”

சாயங்காலம் வேல்சாமி பஞ்சாபகேசன் வீட்டுச் சமையலறைப் பின்வாசலில் போய் நின்றான். அவருடைய மனைவி விஜயலக்ஷ்மி மாமி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவன் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “மாமி, செல்ஃப் மோட்டார் விஷயமா ஒண்ணு சொல்லணும். சாமிக்கு வந்து…” என்று இழுத்தான். கை தன்னால் காதுப் பக்கம் போயிற்று.

“தெரியும்” என்றாள் மாமி.

“தெரியுமா?”

“ரெண்டு வருஷமாத் தெரியும். மொதல்ல வலது காது போச்சு, இப்போ ரெண்டும். டாக்டர்ட்ட போலாம்னு ஒரு தடவை வாயைத் தொறந்தேன், ஒரு மாசம் எங்கூடப் பேசலை. வெங்கிடேஷுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும், அவர்ட்ட யாரும் பறைய மாட்டோம். சுருதி பாக்கற மனுஷன்ட்ட போய் உனக்குக் காது கேக்கலைன்னு எப்படிச் சொல்றது? உசிரையே விட்டுடுவர்.”

வேல்சாமி காதிலிருந்து கையை எடுத்தான். “அப்போ அந்தச் சத்தம் எதனாலன்னும் உங்களுக்குத் தெரியுமா மாமி?”

மாமி அரிசியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஜன்னல் வழியாப் பாக்கறேனே தினமும். ஆனா நீ எப்படியும் சரி பண்ணிடுவேன்னு இருந்துட்டேன்.”

மூன்று பெண்டிக்ஸ்! மூன்று தடவை அவன் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோதும், மூன்று தடவை திருடன் என்று கேட்டுக்கொண்டு நின்றபோதும், இந்த அம்மாள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கடுமையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவன் நாக்கு துடித்தது. ஆனால் பத்தொன்பது வருஷம் அவள் கையால் காப்பி குடித்தவன்.

“ஒரு உபகாரம் பண்ணு வேல்சாமி” என்றாள் மாமி. குரல் இறங்கியிருந்தது. “சத்தம் வராம எப்படியாவது பண்ணிடு. சாமான் மோசம், நான்தான் பாக்காமப் போட்டுட்டேன்னு அவர்ட்ட ஒத்துண்டுடு. அவருக்கு அது போரும். ஷெட்டைப் பத்தி நீ விஷமிக்காதே, கவலையே வேண்டாம். அந்த மனை என் பேர்ல இருக்கறதாக்கும். நான் இருக்கற வரைக்கும் உன்னை யாரும் எழுப்ப மாட்டா.”

“சாமி வண்டி ஓட்டுறது மாமி? அது ஆபத்துல்லா?”

“வெங்கிடேஷ் வரட்டும். நான் அவனை விட்டு நயமாப் பேசச் சொல்றேன்.”

நம்பினான். நம்பாமல் வேறு என்ன செய்வான்?

அடுத்த ஒரு வாரம் வேல்சாமி தன் வாழ்நாளில் செய்த ஆக நல்ல வேலையைச் செய்தான். கியர் பாக்ஸை இறக்கினான். சிதைந்த ரிங் கியரைச் சூடு காட்டித் தட்டி எடுத்துவிட்டு, சாலைக் கடைத்தெருவில் பழைய சாமான் கடைகளை எல்லாம் அலசிப் பழுதில்லாத ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து ஏற்றினான். நாலாவது பெண்டிக்ஸையும் மாட்டினான். அதோடு விட்டால் ஐந்தாவதும் மாட்ட வேண்டியிருக்கும். அதனால் டாஷ்போர்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், ஒரு சின்ன ரிலேயை வைத்தான். என்ஜின் ஓடி டைனமோவில் கரண்ட் வந்துவிட்டால், அந்த ரிலே சாவியிலிருந்து செல்ஃபுக்குப் போகிற ஒயரைத் துண்டித்துவிடும். அதற்கப்புறம் சாவியை நூறு தடவை திருகினாலும் ஒன்றும் நடக்காது. எந்தப் புத்தகத்திலும் பார்க்காமல் தானே யோசித்துச் செய்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது என்பதுதான் அதில் இருந்த ஒரே வருத்தம்.

இன்னொரு உறுத்தலும் இருந்தது. அந்தக் கரகரப்பு ஒன்றுதான் அவருடைய செவிட்டை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் இப்போது தன் கையாலேயே வாயடைத்தாயிற்று. செண்பகவல்லியிடம் ரிலேயைப் பற்றி அவன் சொல்லவே இல்லை.

பஞ்சாபகேசனைக் கூப்பிட்டு முன்னால் நின்று, உதடு தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னான். “என் தப்புதான் சாமி. சாமான் மோசம். பாக்காமப் போட்டுட்டேன். இப்போ நல்லதா மாத்திட்டேன். இந்தச் செவப்பு லைட்டு அணஞ்சா வண்டி ஸ்டார்ட் ஆயிட்டுன்னு அர்த்தம்.”

“அது எனக்குத் தெரியாதா?” என்றார் அவர். முகம் மலர்ந்துவிட்டது. ஏஜீஸ் ஆபீஸில் ஒரு கள்ளக் கணக்கைப் பிடித்த நாளில் அப்படித்தான் மலர்ந்திருக்கும். “நான் அன்னிக்கே பறஞ்சேனோல்லியோ? போகட்டும், ஒத்துண்டியே, அதுவே பெரிசு.”

காரை எடுத்தார். சத்தமில்லை. பழவங்காடியில் அன்றைக்கு இரண்டு தேங்காயாக உடைத்தார் என்று கேள்வி. அதோடு நிற்கவில்லை. பஜனையில் சொன்னார், கோவில் வாசலில் சொன்னார், பழைய கார்க்காரர்கள் கூட்டத்திலும் சொன்னார். டூப்ளிகேட் சாமான் போட்டதை வேல்சாமியைத் தன் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைத்த கதை தெரு முழுக்கச் சுற்றிவந்தது. கரமனையிலிருந்து ஃபியட் கொண்டுவருகிறவர் அந்த வாரம் வரவில்லை. பேட்டைக்காரர் போன் போட்டால் எடுக்கவில்லை. வேல்சாமி பல்லைக் கடித்துக்கொண்டான். ஷெட் இருந்தால் போதும், ஆட்கள் திரும்பி வருவார்கள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

திருவாதிரைக்கு இரண்டு நாள் முன்னால் வெங்கிடேஷ் வந்தான். மறுநாள் பதினோரு மணிக்கு அவனும் அப்பாவும் பின்கட்டுப் படியில் வந்து நின்றார்கள். மாமி சமையலறை வாசலில் நின்றாள். வேல்சாமி கையைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாகப் போனான். கார் ஓட்டுவதைப் பற்றிப் பேச்சு முடிந்திருக்கும், அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தான்.

“வேல்சாமி, இந்த மாசத்தோட ஷெட்டை எடுத்துடணும்” என்றான் வெங்கிடேஷ். “இங்கே மேலும் கீழுமா ரெண்டு போர்ஷன் கட்டப் போறோம். காரை இனிமே வேற ஒர்க்‌ஷாப்பில காமிச்சுக்கறோம்.”

“சார், மாமி சொல்லியிருந்தாங்க…”

“நீதானே ஒத்துண்டே, டூப்ளிகேட் போட்டேன்னு? அப்படிப்பட்ட ஆளை எப்படி வச்சுக்கறது? கேஸ் அது இதுன்னு போகாம விடறோமே, அதை நினைச்சுக்கோ.”

வேல்சாமி மாமியைப் பார்த்தான். “மாமி, சொல்லுங்க மாமி.”

மாமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முருங்கை மரத்தைப் பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

“மனசிலாச்சோல்லியோ?” என்று சொல்லிவிட்டுப் பஞ்சாபகேசன் திரும்பிப் படியேறத் தொடங்கினார்.

அப்போது வேல்சாமிக்கு உள்ளே என்னவோ அறுந்தது. கத்தவில்லை. அந்த முதுகைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி நிறுத்திச் சொன்னான். “சாமி, உங்களுக்குக் காது கேக்காது. ஓடுத வண்டியில திரும்பத் திரும்ப செல்ஃப் அடிச்சு அதை ஒடச்சது நீங்கதான். என் சாமான்ல ஒரு கொறையும் இல்ல. இந்தா நிக்காங்களே, உங்க வீட்டம்மா, உங்க மவன், எல்லாருக்கும் தெரியும். மாமி சொல்லித்தான் பழிய நான் ஏத்துக்கிட்டேன்.”

முதுகு படியேறிக்கொண்டே இருந்தது. வெங்கிடேஷ் முகம் வெளுத்துப்போய் நின்றான். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி, கையில் பிழிந்த துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

மேல்படியில் திரும்பிய பஞ்சாபகேசன் மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு மனைவியின் முகத்தை. பிறகு வேல்சாமியின் வாயை. “என்ன? என்ன பறையறான் இவன்?” என்றார்.

அந்தக் கண்ணில் பயம் இருந்தது. சாதாரணப் பயம் இல்லை. வேல்சாமியின் உதடு இன்னொரு தடவை அசைந்துவிடுமோ என்று நடுங்குகிற பயம். வேல்சாமி அதைப் பார்த்தான். ஓடுகிற வண்டியில் சாவியைத் திருகியது யார் என்று அந்த மனிதருக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

மாமி இரண்டு எட்டு வைத்துப் போய், கணவரின் முகத்துக்கு நேரே நின்றாள். ஒவ்வொரு எழுத்தும் உதட்டில் தெரிகிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

“மன்னிப்புக் கேக்கறான்.”

பஞ்சாபகேசனின் முகத்திலிருந்து பயம் போயிற்று. தோள் தளர்ந்தது. வேல்சாமியை இரக்கத்தோடு பார்த்து, கையை உயர்த்தி, “சரி, போறது. போற இடத்திலயாவது ஒழுங்கா இரு” என்றார்.

வேல்சாமி ஷெட்டுக்குத் திரும்பி, குழிக்குள் இறங்கி, ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து மேலே வைக்கத் தொடங்கினான்.